இரண்டு பக்கமும் திரும்புகிற குதிரை

எங்கள் தெருவில் தண்ணீர்க் குடத்தை இரண்டு இடுப்பிலும் மாற்றி மாற்றிச் சுமந்த ஒரே பெண்பிள்ளை மதினிதான். மற்றவர்களுக்குக் குடம் என்றால் இடது இடுப்பு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மதினிக்கு ஒரு நடை இடது, மறு நடை வலது. வலது இடுப்பில் வைத்த புதிதில் பாதித் தண்ணீர் சேலையில்தான் கொட்டியது. குழாயடியில் சிரிக்காத ஆள் இல்லை, நான் உட்பட. “எதுக்கு மதினி இந்த வீம்பு?” என்று கேட்டேன்.

“ஒரு பக்கமே சொமந்தா ஒரு பக்கமாத்தான் நடப்பேன் கொளுந்தனாரே. எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்” என்றாள்.

சொந்த அண்ணன் மனைவி இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் மதினி ஆனாள். பிறகு தெரு முழுக்க அவளுக்கு அதுவே பேராகிவிட்டது.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற பக்கத்தில் கிளை பிரிந்து போனால் வருகிற ஊர் எங்களுடையது. பேர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். அங்கே மேலத்தெருக்காரர்களுக்கு நிலம் உண்டு. கீழத்தெருக்காரர்களான நாங்கள் அந்த நிலத்தில் பருத்தி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள். எங்கள் காலத்தில் பருத்தியை விட்டுப் பட்டாசுக்கு வந்துவிட்டோம். விடிந்ததும் கம்பெனி வேன் வரும், தெருவே ஏறிப் போய்விடும். நான் மட்டும் ஒரு கேமராவை வாங்கிக் கல்யாண வீடியோ எடுக்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். செல்போன் ஊருக்குள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கல்யாணம் என்றால் மேளம், சரவெடி, மாப்பிள்ளைக்குக் குதிரை, அதைப் படம் பிடிக்க நான்.

குதிரை அண்ணனுடையது. மதுரையில் குதிரை வண்டி ஓட்டிய ஒருவர் வண்டியை மூலையில் போட்டபோது அண்ணன் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த பெண் குதிரை. வெள்ளையில் லேசாகச் சாம்பல் ஓடிய நிறம், அதனால் மயிலை என்று பேர். அண்ணன் நல்ல மனுஷன், ஆனால் சத்தமாகத் தும்மினால்கூடச் சுற்றிலும் பார்த்துக்கொள்வார். கல்யாணங்களில் அவர் கயிற்றைப் பிடித்து நடப்பார். குதிரைக்குத் தீனி, குளிப்பாட்டல், லாடம், வைத்தியம் எல்லாம் மதினி. குதிரை மேல் ஏறி ஓட்டிப் பழக்குவதும் அவள்தான். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டுக்கொள்வார்களே, அந்தச் சட்டையோடு, உள்ளே அண்ணனுடைய பழைய பேண்ட்டையும் மாட்டிக்கொண்டு கண்மாய்க்குள் குதிரை ஓட்டுவாள். பொம்பளை குதிரை ஏறுவதா என்று ஆரம்பத்தில் இரண்டு தெருவும் பேசியது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தெருவும் ஒற்றுமை.

மதினியின் குணத்துக்கு ஒரு பஸ் கதை சொல்லவேண்டும். சிவகாசி பஸ்ஸில் ஒருநாள் இடது கையால் காசு நீட்டினாள். கண்டக்டர் வாங்கவில்லை.

“வலது கையில குடும்மா.”

“இதுவும் என் கைதான். அடுத்த வீட்டுல எரவல் வாங்கிட்டு வரல.”

“எடது கையில குடுத்தா விளங்குமா?”

“எனக்கு விளங்குறது இருக்கட்டும். உங்க பஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் சக்கரம் இருக்குல்ல? ஒரு பக்கத்தக் களத்திப் போட்டுட்டு ஓட்டுங்க பாப்போம்.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் காசைப் பிடுங்கிக்கொண்டு போனார். சோறு தின்பதை மட்டும் வலது கையோடு நிறுத்திக்கொண்டாள். அது அவள் அம்மா போட்ட சூடு என்று சொல்வாள். மற்றபடி கூட்டுவது, அரைப்பது, விறகு வெட்டுவது எல்லாம் இரண்டு கைக்கும் பங்கு.

இதெல்லாம் அவளுக்குப் பிறவியிலேயே வந்த புத்தி இல்லை. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் திரும்பினால் மேலத்தெரு, அதன் கோடியில் கோயில். பத்து எட்டு என்று சொல்வோமே, அவ்வளவு பக்கம். வலது பக்கம் திரும்பினால் பழைய தீப்பெட்டி ஆபீசின் பின்புறம், ஊருணிக் கரை, முள்ளுக்காடு என்று ஊரையே சுற்றிக் கோயிலுக்கு வரலாம். எங்கள் தெரு மாப்பிள்ளைகள் குதிரையில் ஏறினால் வலது பக்கம்தான் போவார்கள். நடந்து போனால் மேலத்தெருவில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், சைக்கிளுக்கும் ஒன்றுமில்லை. கழுத்தில் மாலையோடு குதிரை மேல் உட்கார்ந்து மட்டும் போகக்கூடாது. அப்படி எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

மேலத்தெருக் கல்யாணங்களுக்கும் மயிலைதான் போகும்; வம்பு வேண்டாம் என்று அண்ணன் அதை ஊரைச் சுற்றித்தான் கூட்டிப்போவார். அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுக் கோயிலை வலமாகச் சுற்றித் திரும்பி வரும். அங்கேயும் வலதுதான். ஆக, அந்தக் குதிரை எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே வரவில்லை. பழக்கத்தில் அது வலதுக்குச் சுலபமாக வளையும். இடதுக்கு இழுத்தால் கழுத்து மரம் மாதிரி நிற்கும். தோளைத் தள்ளிக்கொண்டு, பின்னங்கால் இடறி, சந்துக்குள் லாரி திரும்புவது போல மொத்தமாகத் திரும்பும்.

ஒரு வைகாசியில் எங்கள் தெருக் கல்யாணம். தொட்டி முக்கில் அண்ணன் கயிற்றைத் தொடக்கூட இல்லை, மயிலை தானாகவே வலது பக்கம் போனது. அங்கே நின்றிருந்த பெரியவர் அதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டுவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை, கோயில் தர்மகர்த்தா. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குதிரைக்குத் தவிடு வேண்டுமென்றால் அவர் வீட்டில் கேட்கலாம், இல்லை என்று சொன்னதில்லை. அன்றைக்கு எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

“பாத்தியா, வாயில்லா சீவன். அதுக்குக்கூடத் தெரியுது, எவன் எந்தப் பக்கம் போகணும்னு.”

கூட்டத்தில் சிரித்தவர்கள் உண்டு. எங்கள் தெருவிலும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனாலும் கேமராவை இறக்காமல் எடுத்துக்கொண்டிருந்தேன். மதினி சிரிக்கவில்லை. குதிரையின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவள் திரும்பி நின்று, “அதுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. நாம பளக்கல, அதான்” என்றாள்.

மறுநாளே பழக்க ஆரம்பித்துவிட்டாள். வேலை விட்டு வந்ததும் மயிலையை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போவாள். எங்கள் கண்மாயில் தண்ணீர் இருந்தால்தானே ஆச்சரியம். கருவேல முள்ளும் புழுதியும்தான். அதற்குள் இடது பக்கமாக வட்டம் போட்டாள். இதற்கும் எதிர்ப்பு வந்தது, இந்தத் தடவை எங்கள் ஆட்களிடமிருந்தே. நல்ல காரியத்துக்குச் சுற்றுவது வலம். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளி வைக்கும்போது. கல்யாணத்துக்குப் போகிற குதிரையை இப்படிச் சுற்றவிடலாமா என்று கரையில் நின்று ஒரு சின்னையா கத்தினார்.

“ஏத்தா, அது எளவு வீட்டுச் சுத்து! நாளைக்கு எவன் இந்தக் குதிரையில ஏறுவான்?”

“சின்னையா, மயிலைக்கு எளவும் தெரியாது, கல்யாணமும் தெரியாது. முதுகு வலி மட்டும் தெரியும். நீங்க வீட்டுக்குப் போய்க் காபி குடிங்க.”

வாரங்கள் ஓடின. குதிரை வளையவில்லை. மதினி கெஞ்சினாள், கொஞ்சினாள், வெல்லம் கொடுத்தாள். இடதுக்கு இழுத்தால் கழுத்து மட்டும் இடதுக்கு வரும், உடம்பு வலதுக்கே சரிந்துகொண்டு போகும். ஒருநாள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். “உன் கேமராவ எடு. நானும் மயிலையும் போறத பின்னாலிருந்து படம் பிடி. அவ எந்தக் காலை இழுக்கான்னு நான் பாக்கணும்.”

கண்மாய்க் கரையில் ஸ்டாண்டு போட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டோம். மதினி தரையில் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

“என்னடா எடுத்திருக்க? கேமராவக் கோணலா வெச்சிருக்க.”

“கோணல் இல்ல மதினி.”

“நான் ஒரு பக்கமா விளுந்துக்கிட்டுல்ல இருக்கேன்? கோணல்தான்.”

என் தொழிலைக் குறை சொன்னால் எனக்கு ஆகாது. படத்தை நிறுத்தி, அவளுக்குப் பின்னால் நின்ற பனைமரத்தைத் தொட்டுக் காட்டினேன். “பனை நேரா நிக்குதுல்ல?”

நிமிர்ந்து நின்றது பனை. அதற்கு முன்னால் குதிரை மேல் மதினி வலது பக்கமாகச் சாய்ந்திருந்தாள். வலது தோள் இறங்கி, இடுப்பு வலதுக்குப் போய், சேணமே அந்தப் பக்கம் சரிந்திருந்தது. மதினி டிவிக்குக் கிட்டே நகர்ந்து பனையையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “அப்போ அவ இல்ல, நாந்தானா?” என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே காலை மாற்றி, தான் கம்பெனியில் எப்படி உட்காருவாள் என்று எனக்குச் செய்து காட்டினாள். சரவெடி பின்னுகிற வேலை அவளுக்கு. நூலை இடது கால் பெருவிரலில் மாட்டி, காலை நீட்டிக்கொண்டு, வலது பக்கத்தில் மொத்தப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்து பின்னவேண்டும். அதற்கு முன்னால் சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியபோதும் அதே உட்காரல்தான். “பொறந்து நடக்கப் பளகினதுல இருந்து இப்படித்தான உக்காந்திருக்கேன். நான் வலது பக்கம் அமுக்கி உக்காந்துக்கிட்டு, எடது பக்கம் போ போன்னா அது எங்கிட்டுப் போகும்? பாவம், நான் எங்க விளுந்திருவனோன்னு எனக்குக் கீளேயே ஓடிவருது அது. நான் அதப் போயித் திட்டியிருக்கேன்.”

அன்றிலிருந்துதான் அந்தக் குடம், அந்தக் கை, எல்லாம். குதிரையைத் திருத்துவதை விட்டுவிட்டுத் தன்னைத் திருத்த ஆரம்பித்தாள். கம்பெனியில் நூலை வலது கால் விரலுக்கு மாற்றினாள். பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போர்மேனுக்குப் பொறுக்குமா?

“என்னம்மா இது? வரிசையே கெட்டுப்போகுது.”

“வரிசை கெட்டா நாளைக்குச் சரியாக்கிக்கலாம் சார். இடுப்பு கெட்டா யாரு சரியாக்குவா?”

கை பழகுகிறவரைக்கும் சரம் குறைவாகத்தான் வந்தது, சம்பளமும் அப்படியே. அண்ணன் புலம்பினார். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண்களும் பாதிப் பொழுது ஒரு கால், பாதிப் பொழுது மறு கால் என்று மாற்றிக்கொண்டார்கள். இடுப்பு வலி குறைந்தது என்று என் அம்மாவே சொன்னாள்.

கண்மாய்க்குள் மதினி கால் மிதிக்கிற வளையத்தைக் கழற்றிவிட்டு, காலைத் தொங்கப்போட்டு ஓட்டினாள். இரண்டு பக்க இடுப்பெலும்பும் ஒன்றுபோல அழுந்துகிறதா என்பதைத் தவிர வேறு கவனம் இல்லை. வெட்டிப்போட்ட கருவேலங்கட்டைகளுக்கு நடுவே வலதும் இடதுமாக வளைந்து வளைந்து போவாள். முதலில் பெரிய வட்டம், அது சுலபமானதும் கொஞ்சம் சின்ன வட்டம். அவள் நேரானதும் சேணம் நேரானது, சேணம் நேரானதும் மயிலையின் கழுத்து இளகியது. ஒரு சாயங்காலம் இடது வட்டம் போட்டு முடித்து இறங்கி, புழுதியில் தடத்தைப் பார்த்தாள். முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்கால் விழுந்திருந்தது, வட்டம் முழுக்க. “கொளுந்தனாரே, இங்கன வந்து பாரு!” என்று கத்தினாள். நான் போவதற்குள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது. ஒரு மிருகம் இடது பக்கம் திரும்பியதற்கு இரண்டு பேர் அழுகிறோமே என்று பிறகு சிரித்தோம்.

இன்னொரு கூத்தும் நடந்தது. மாப்பிள்ளைகள் எல்லோரும் ஸ்டூல் போட்டு ஒரே பக்கம், இடது பக்கம்தான் குதிரை ஏறுவார்கள். அந்தப் பக்கமே இழுத்து இழுத்து மயிலைக்கு அங்கே முதுகு இறுகிக் கிடக்கிறது, வலிக்கிற பக்கம் எப்படி மடங்கும் என்று மதினி கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த கல்யாணம் மேலத்தெருவில். ஸ்டூலைத் தூக்கி வலது பக்கம் போட்டாள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது, அவர் தம்பி மகன் கல்யாணம் அது.

“என்ன புதுப் பளக்கம்?”

“ஐயா, அங்கிட்டு ஏறுனா எந்தக் கால மொதல்ல வெக்கணும்?”

பெரியவர் யோசித்தார். “எடது கால.”

“நல்ல காரியத்துக்கு எடது காலயா எடுத்து வெப்பாக? இங்கிட்டு ஏறச் சொல்லுங்க, வலது கால்தான் மொதல்ல வளையத்துக்குப் போகும்.”

இத்தனை வருஷமாக இது யாருக்கும் தோன்றவில்லை. மேலத்தெரு ஆடிப்போனது. அதற்கப்புறம் எல்லா மாப்பிள்ளையும் வலது பக்கம்தான் ஏறினான். பழைய கல்யாணங்களில் பிள்ளை இல்லாமல் போனவர்களுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. மதினி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இனி அடுத்த வருஷத்து ஆவணிக்கு வருகிறேன். எங்கள் தெருவிலேயே இருந்த மதினியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பையன் அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற மெஷினில் வேலை பார்த்தான், சாதுவான பையன். அவன் குதிரை தொட்டி முக்கில் இடது பக்கம் திரும்பும் என்று மதினி வீட்டில் சொன்னாள். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. நான் அங்கேதான் இருந்தேன்.

“வேண்டாம்டி. சீசனுக்குச் சீசன் அவுக வீட்டு ஆர்டர்தான் நமக்குக் கஞ்சி ஊத்துது. அதுவும் போச்சுன்னா மயிலைக்குத் தீனி எங்க இருந்து வரும்? வித்துத்தான் ஆகணும்.”

“விக்கணும்னா விப்போம். ரெண்டு பக்கமும் திரும்புற குதிரைன்னு சொல்லி விப்போம். ஒரு பக்கக் குதிரையா வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?”

“நீ என்ன சொன்னாலும் நான் கயிறப் பிடிக்க மாட்டேன்.”

“நீங்க பிடிக்க வேண்டாம். நல்லாச் சாப்பிட்டுட்டு கோயிலுக்கு வந்து சேருங்க.”

பேச்சு இப்படி இருந்ததே தவிர, அன்று முழுக்க அவள் மயிலையின் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடரியைக் கோதிக்கொண்டிருந்தாள். விற்க நேர்ந்தால் தாங்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

சேதி எப்படியோ மேலத்தெருவுக்கும் போய்விட்டது. காலை முகூர்த்தம். வெயில் ஏறுவதற்கு முன்பே ஊர்வலம் புறப்பட்டது. மாப்பிள்ளை மாலையும் ஜரிகைத் தலைப்பாகையுமாக மயிலை மேல். கயிறு மதினி கையில். வழக்கமாக அண்ணன் வலது பக்கம் நடப்பார், அன்றைக்கு அவள் இடது பக்கம் நடந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், சட்டை இல்லை. நான் கேமராவோடு அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தேன். தொட்டி முக்கு வந்தது. மேளக்காரர்கள் பழக்கதோஷத்தில் வலது பக்கம் திரும்பி வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். மதினி நின்றாள். குதிரை நின்றது. கூட்டமும் நின்றது.

இடது பக்கம் தெருவை மறித்தாற்போல மேலத்தெரு ஆட்கள். முன்னால் பெரியவர், குடையோடு. யார் கையிலும் கம்பு கிடையாது. சும்மா நின்றார்கள், அதுவே போதும் என்ற நினைப்பு.

மதினி கயிற்றை இடது பக்கம் காட்டினாள். மயிலை கழுத்தை வளைத்தது, ஒரு கால் எடுத்து வைத்தது. உடம்பு வலதுக்குச் சரிந்தது. மறுபடி காட்டினாள், மறுபடி வலதுக்கே போனது. பெரியவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மதினி நிமிர்ந்து குதிரை மேல் இருந்த பையனைப் பார்த்தாள். நான் அப்போதுதான் பார்த்தேன். பையன் பயத்தில் மேலத்தெருவுக்கு முதுகைக் காட்டாத குறையாக வலது பக்கம் சாய்ந்து கிடந்தான்.

“அத்தை,” என்றான் மெதுவாக. “வலது பக்கமே போயிருவோம் அத்தை.”

“ஏலே, நீ சாஞ்சிருக்க.”

“எல்லாரும் பாக்காக அத்தை.”

“பாக்கட்டும். மாப்பிள்ளையப் பாக்காம வேற யாரப் பாப்பாக? நீ அந்தப் பக்கம் சாஞ்சா அவளும் அந்தப் பக்கம்தாம்லே போவா. நெஞ்ச நிமித்து. எடது கால அளுத்தி மிதி. அவுகள பாக்காத, கோயில் கோபுரத்தப் பாரு.”

பையன் கண்ணை மூடித் திறந்தான். கோபுரத்தைப் பார்த்தான். முதுகு நிமிர்ந்தது. இடது கால் வளையத்தில் அழுந்தியதும் சேணம் சரியாவதை நான் கேமரா வழியாகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மாப்பிள்ளைகளைப் படம் பிடித்திருக்கிறேன். ஒரு பயல் மாப்பிள்ளையாக மாறுவதைப் படம் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

மயிலை கழுத்தைத் திருப்பியது. தோள் திரும்பியது. இடறாமல், முன்னங்கால் தடத்தில் பின்னங்காலை வைத்து இடது பக்கம் திரும்பி மேலத்தெருவைப் பார்த்து நின்றது.

அப்போதுதான் மேலத்தெரு இளவட்டம் ஒருவன் அந்த முட்டாள்தனத்தைச் செய்தான். குதிரை மிரண்டு ஓடட்டும் என்று ஒரு சரவெடியைப் பற்றவைத்துக் குதிரைக்கு முன்னால் வீசினான். வேறு ஊர்க் குதிரையாக இருந்திருந்தால் பையனைத் தூக்கி எறிந்திருக்கும். எங்கள் பக்கம் கல்யாண ஊர்வலம் புறப்படுவதே சரம் கொளுத்தித்தான். ஒவ்வொரு கல்யாணத்திலும் வெடி கேட்டதும் அண்ணன் கயிற்றைச் சுண்டுவார், குதிரை நடக்கும். பட்டாசிலேயே பிறந்து வளர்ந்த பயலுக்கு அது ஞாபகம் வரவில்லை. வெடித்த உடனே மயிலை காதை நிமிர்த்திக்கொண்டு, சரி, புறப்படலாம் என்று நேராக நடந்தது, அவர்களைப் பார்த்து.

அந்தக் குதிரைக்கும் அந்தப் புகைக்கும் முன்னால் எவன் நிற்பான்? வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பெரியவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். எங்கள் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். வலது பக்கம் போன மேளக்காரர்கள் மூச்சு வாங்க ஓடிவந்து பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நான் அழுதுகொண்டே எடுத்தேன். அந்தக் கேசட்டில் படம் ஆடிக்கொண்டேதான் இருக்கும், யாராவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்.

கோயில் வாசலில் பெரியவர் வந்து சேர்ந்தார். கோபத்தில் குரல் கம்மியிருந்தது.

“இனிமே எங்க வீட்டு விசேசம் எதுக்கும் உன் குதிரை வராது, பாத்துக்க.”

“வராதுய்யா,” என்றாள் மதினி. குனிந்து அவருடைய குடையை, வழியில் யாரோ எடுத்துக்கொடுத்திருந்ததை, இடது கையால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

சொன்னபடி மேலத்தெரு ஆர்டர் நின்றுபோனது. அண்ணன் சாயங்காலமே தரகருக்குச் சொல்லிவிடலாமா என்று முனகினார். மதினி தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மயிலையை விற்க வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேசட் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய், மல்லாங்கிணறு பக்கமிருந்தும் ஆலங்குளம் சிமெண்டு ஆலைப் பக்கமிருந்தும், எங்களைப் போன்ற தெருக்களிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். அந்த ஊர்களிலும் திரும்பாத முக்குகள் இருந்தன போலிருக்கிறது.

ஆனால் நான் மறக்காதது கல்யாணத்துக்கு மறுநாள் காலை. பல் விளக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், லாடச் சத்தம். மதினி மயிலை மேல். ஜரிகைத் துணி இல்லை, குஞ்சம் இல்லை; சேலைக்கு மேல் அண்ணன் சட்டை. தொட்டி முக்குக்குப் போனாள், இடது பக்கம் திரும்பினாள். வாயில் நுரையோடு பின்னாலேயே ஓடினேன்.

பெரியவர் வீட்டு வாசலில் நின்று வேப்பங்குச்சி மென்றுகொண்டிருந்தார். குதிரையைப் பார்த்ததும் குச்சியை எடுத்தார்.

“ஏ புள்ள, கல்யாணந்தான் நேத்தோட முடிஞ்சிபோச்சே. இன்னைக்கு என்ன?”

மதினி குதிரையை நிறுத்தினாள். “நேத்து மாப்பிள்ளைக்குய்யா. இன்னைக்கு மயிலைக்கு. ஒரு நா திரும்பிட்டு விட்டுட்டா மறுபடியும் இறுகிப்போகும். விடாமப் பளக்கணும்.”

“விடாமன்னா? தெனமுமா?”

“தெனமுந்தான்யா. மளை பேஞ்சா மட்டும் லீவு” என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினாள்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் மழையே பெய்யவில்லை.